நெஞ்சு: ஒரு துபாஷியின் கணக்கு

சேன் தெனீ ஆஸ்பத்திரியில் எனக்கு
மாதம் முப்பது பிராங்கு.
மேசைக்கு இந்தப் பக்கம் தமிழ்,
அந்தப் பக்கம் பிரெஞ்சு,
நடுவில் காரைக்கால் ஞானாதிக்கம்.

கலிதீர்த்தானைத் தூளியில் தூக்கி வந்தார்கள்.
கிழக்குக் கரைக் கரும்புத் தோட்டம். முப்பது வயது.
இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால்
சுண்ணாம்பு அடித்த சுவர்.
தோட்டத்திலிருந்து வந்த சீட்டில் ஒரே சொல்:
சோம்பேறி.

"என்ன செய்யுது?"
"நெஞ்சை அடைக்குதுங்க. ரெண்டு வரிசை வெட்டினா
உள்ளே யாரோ உரல் இடிக்கிறாங்க."

டாக்டர் பேனாவை மையில் தொட்டுக் காத்திருந்தார்.
நெஞ்சு.
மார்க்கூட்டுக்கு ஒரு சொல் உண்டு அவர் மொழியில்,
மனசு குடியிருக்கும் இடத்துக்கு வேறொன்று.
எனக்கோ சாப்பாட்டு நேரம்.
கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தேன்:
இதயம் கனத்துப் போயிற்றாம், ஐயா.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.
பாரீசில் அச்சிட்ட தடித்த புத்தகத்தைப் பிரித்தார்.
மலைநாட்டுச் சிப்பாய்கள் அந்நியப் பாசறையில்
மாட்டுப் பாட்டு ஒன்று காதில் விழுந்து
உண்ணாமல் உறங்காமல் செத்தார்களாம்;
மூளையின் உயிர்க்காற்று ஒரே தடத்தில்
ஊருக்கே ஓடி ஓடித் தேய்ந்துபோகுமாம்.
அந்த நோய்க்கு கிரேக்கத்தில் பெயர் இருந்தது.

"ஊர் ஞாபகம் வருகிறதா, கேள்."
கேட்டேன்.
"ஊரா? அங்கே மூணு கடன்காரன், ஒரு பங்காளி வழக்கு.
ஞாபகம் எதுக்குங்க?"
சொன்னதைச் சொன்னபடி சொன்னேன், இந்த முறை.
மறுக்கிறான், என்று எழுதினார். அடைப்புக்குள்:
மறுப்பதும் ஓர் அறிகுறி.

ராத்திரி, மலச்சட்டி எடுக்கும் பாவாடை
விளக்கோடு வந்து நகத்தை அழுத்திப் பார்த்தான்.
அப்பன் வழியில் வைத்தியன், கப்பல் கணக்கில் கூலி.
இடுப்பில் ஒரு கையெழுத்து நோட்டு:

விழிவெளுக்கும் முகமூதும் படியேற மூச்சிளைக்கும்
அழிசாம்பல் அடுப்புமண் நாவினுக்கு அமுதாகும்
கழிபிறப்பில் பிறர்பொருளைக் கவர்ந்தார்க்கு வரும்பாண்டு

நாலாம் அடியைக் கரையான் தின்றிருந்தது.
மருந்து அதில்தான் இருந்திருக்கும்.
"இரும்புதான், எனக்குத் தெரியும்" என்றான் பாவாடை.
மறுவாரம் ஆலைச் சக்கரத்துத் துருவைச் சுரண்டி
மோரில் கலக்கும்போது பிடிபட்டான்.
சர்க்கரை முதலாளியின் சொத்து, துருவும்.
எட்டு நாள் சம்பளம் போயிற்று.

நான் இரண்டு புத்தகத்தையும் பார்த்தவன்.
ஒன்று அவன் மனசைக் குற்றம் சொன்னது,
இன்னொன்று அவன் போன பிறவியை.
எழுதின இருவரும்
மழைபெய்த கரும்புக்குள் வெறுங்காலோடு
ஒருநாள் நின்றிருக்க மாட்டார்கள்.
நூறு பேர் ஒதுங்கும் அதே வரப்பில்
காலைச் சேற்றில் பாதம் அரிக்கும், அதை
எந்த அடியும் சொல்லவில்லை.
அரிப்பைப் பற்றி நானும் கேட்கவில்லை.
கேட்கச் சொல்லவில்லையே யாரும்.

மண் தின்பாயா என்று மட்டும் கேட்டேன், தனியாக.
வெட்கப்பட்டான்.
"எரிமலைப் பக்கத்து மண்ணுங்க. மழை விட்டதும்
லேசாப் புளிக்கும்."

மருந்துச் சீட்டு வந்தது: தாய்நாடு.
வேளைக்கு ஒன்றல்ல, ஆயுளுக்கு ஒரு கப்பல்.
கையெழுத்து டாக்டருடையது, சாட்சி நான்.

துறைமுகத்தில் காவல்காரன் மடியை அவிழ்த்தான்.
துணி முடிச்சில் கருஞ்சிவப்பாய் இரண்டு கைப்பிடி.
"பார், நம் தீவின் மேல் எத்தனை பிரியம்"
என்று தொப்பியைக்கூடக் கழற்றினான்.
கலிதீர்த்தான் முடிச்சைத் திருப்பிக் கட்டியபடி
என்னிடம் தாழ்ந்த குரலில்:
"நாப்பது நாளைக்கு இது பத்தாதுங்க."

என்ன சொல்கிறான், என்றான் காவல்காரன்.

அன்று ஞாயிறு.
ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சம்பளம் இல்லை.