மேலே ஏழு, கீழே ஏழு

செவ்வாய்ப்பேட்டைப் பஞ்சுக் கிடங்கில்
தை மாசத்து ராத்திரிக் கூட்டம்.
மலைமேல் காப்பித் தோட்டத் துரைகளுக்காக ஏழு பேர்,
தரைப் பண்ணைகளுக்காக ஏழு பேர்.
எண்ணிக்கை பிசகக் கூடாதென்று
பிந்தி வந்த ஓமலூர்க்காரரை
வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
நடுவில் நான், விளக்கடியில்,
எழுத மட்டும்.

வழக்கு இதுதான்:
பண்ணையை விட்டு மலையேறும் படியாள்
யாருடைய ஆள்?
"என் கடன் அவன் முதுகில் இருக்கிறது."
"முன்பணம் கொடுத்தாயிற்று, இனி முதுகு எங்களுடையது."
முதுகுக்காரனை யாரும் கூப்பிடவில்லை.

கப்பலில் வந்த சேதியும் பேச்சில் விழுந்தது.
அமெரிக்காவிலும் இதே தகராறாம்,
வடக்குக்கும் தெற்குக்கும்.
கோடு ஒன்று கிழித்து முப்பது நாற்பது வருஷம் தள்ளினார்களாம்,
இப்போது கோடே புகைகிறதாம்.
"அங்கே அடித்துக்கொண்டால்
இங்கே பஞ்சு விலை ஏறும்" என்றார் ஒருவர்.
பதினான்கு பேரும் சேர்ந்து சிரித்தது
அந்த ஓர் இடத்தில்தான்.

பிறகு இவர்களும் கோடு கிழித்தார்கள்.
மலையடிவாரத்து ஓடை.
பொங்கலுக்கு முன் தாண்டியவன் மேலுக்கு,
பின் தாண்டியவன் கீழுக்கு.
இனிமேல் ஒருவன் ஏறினால் ஒருவன் இறங்க வேண்டும்.
முள் நடுவில் நின்றால் போதும்,
தட்டில் என்ன இருக்கிறதென்று
தராசு கேட்பதில்லை.

எனக்கு அந்தப் பகல் ஞாபகம் வந்தது.
பதினெட்டு வருஷத்துக்கு முன், சட்டம் வந்த பகல்.
பேரேட்டில் 'அடிமை' என்றிருந்த இடமெல்லாம்
'கடன்' என்று திருத்தினேன்.
ஒழிந்தது அடிமைத்தனம், மை காய்வதற்குள்.
ஆட்கள் அதே வரிசையில், அதே தொகையில்.
மயிலன், எட்டு ரூபாய்.
பிறந்து மூன்று நாளான அவன் மகள் சடைச்சி,
முக்கால்.

அந்தச் சடைச்சிதான் ஓடையைத் தாண்டியிருக்கிறாள்.
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.
பொங்கலன்றே,
எல்லாக் கண்ணும் பானையின் விளிம்பில் இருந்தபோது.

மேல் ஏழு எழுந்தது. கீழ் ஏழு எழுந்தது.
ஒரு செம்பு உருண்டது. யாரோ யாருடைய
தாயையோ இழுத்தார்கள்.
"கணக்கா, நீ எழுது, எந்தப் பக்கம்?"

மை உறைந்துவிட்டது என்றேன்.
சேலத்தில் மை உறையாது.
அது எல்லோருக்கும் தெரியும்.

வெளியே ஓமலூர்க்காரர்
துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்:
"சமமாக முடிந்ததா?"
மலைச்சரிவில் ஒரு சின்ன நெருப்பு.
காடு எரிக்கிறார்களோ,
ஒருத்தி குளிர்காய்கிறாளோ,
இங்கிருந்து தெரியவில்லை.