முப்பத்தெட்டு பாகை

முப்பத்தெட்டு பாகைச் சரிவு.
களிமண் நாற்பது விழுக்காடு.
மூன்று நாளில் முந்நூற்றுப் பத்து மில்லிமீட்டர் மழை.
இதைத்தான் சொன்னேன் அவர்களிடம்,
குன்னூர் கிணத்துமட்டம் லைனில்,
ஐப்பசி இரவு ஒன்பதரைக்கு.
ஒரு கையில் குடை, ஒரு கையில் கோப்பு.
கோப்பு நனையவில்லை.

பதினொரு வீடுகள்.
முதல் வீட்டில் சீரியல் ஓடியது.
இரண்டாவதில், "போன வருசமும் இதையேதான் சொன்னாங்க."
மூன்றாவது கதவு திறக்கவே இல்லை.
நான்காவதில் ஒரு பெண்
"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றாள்.
சொன்னேன்.
ஆய்வேட்டின் தலைப்பு உட்பட, எல்லாம் சொன்னேன்.
பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு
"சாப்டீங்களா சார்?" என்றாள்.
இது என்ன பதில் என்று எரிச்சலாக இருந்தது.

வி.ஏ.ஓ. தாசில்தாரைக் கூப்பிட,
தாசில்தார் டவர் கிடைக்காத வளைவில் இருக்க,
யாரோ போய் யோகராஜாவை எழுப்பி வந்தார்கள்.
கேஸ் சிலிண்டர் போடுகிறவன்.
ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை போனவன்.
தோளில் முப்பது கிலோவோடு
நாற்பத்து மூன்று படி ஏறி இறங்கி
எந்த வீட்டில் எந்த பர்னர் அடைத்திருக்கிறது என்பதுவரை தெரிந்தவன்.

சரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.
முதல் வீட்டில்,
"அக்கா, மண்டபத்துலயும் டிவி இருக்கு. விளம்பரம் முடியறதுக்குள்ள போயிரலாம்."
இரண்டாவது வீட்டு மனிதரைப் பேச விட்டான்.
போன வருசம், அதற்கு முந்தின வருசம்,
பட்டா வராத பன்னிரண்டு வருசம்,
அத்தனையும்.
மழையில் நின்று "நியாயந்தாண்ணே" என்றான், இடையிடையே.
பிறகு, "பிளாஸ்டிக் சேர் இருக்கா?
அம்மாவை உக்கார வச்சுத் தூக்கிரலாம்.
ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீங்க."
மூன்றாவது கதவை அவன் தட்டவில்லை.
பின்பக்கம் போய் நாயை அவிழ்த்து நடந்தான்.
நாய்க்குப் பின்னால் கதவு திறந்தது.

நான்குக்கும் ஐந்துக்கும் குழாய்ச் சண்டை,
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
ஒரே கூரைக்குக் கீழே படுக்க மாட்டார்கள்.
இவர்களை மண்டபத்துக்கு,
அவர்களை சர்ச் ஹாலுக்கு.
என் வரைபடத்திலும் அந்தக் குழாய் இருந்தது,
நீலக் கோடாக.

பதினொன்றே காலுக்கு லைன் காலி.

சரிவு சரியவில்லை.
அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் வெட்கமே இல்லாமல் வெயில் அடித்தது.

சரியலாம் என்பது வேறு, சரியும் என்பது வேறு.
இதற்கு விளக்கம் மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.
அவனைத்தான் கேட்டார்கள்.
ஐந்தாவது வீட்டுக்காரிக்கு நான்கு கோழி போயிருந்தது.
"உன் பேச்சைக் கேட்டேன் பாரு!"
சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு நின்று கேட்டான்.
இரண்டு படி கீழேதான் நான் நின்றிருந்தேன்.
என் பக்கம் கை காட்டவில்லை, கண்கூட வரவில்லை.
"ஆமாக்கா, தப்புத்தான்.
அடுத்த தடவையும் கூப்பிடுவேன். அப்பவும் திட்டுங்க."
சிரிப்பை அடக்கிக்கொண்டு
ரெகுலேட்டரை மாட்டச் சொன்னாள்.

என் கணக்கில் பிழையில்லை.
இப்போதும் சொல்வேன்.
நான் அளக்காமல் இருந்திருந்தால்
அன்று அவனை யாரும் எழுப்பியிருக்கவும் மாட்டார்கள்.
ஆனாலும் அந்த இரண்டு படியை
அன்று நான் ஏறவில்லை.

மார்கழியில் கருவியைப் பார்க்கப் போனபோது
நான்காவது வீட்டில் அதே கேள்வி.
"சாப்டீங்களா சார்?"
இல்லை என்றேன், முதல் தடவையாக.
உள்ளே ஸ்டூல் போட்டாள். தோசைக்கல்லை வைத்தாள்.
குழாயில் இப்போது யார் முதலில் பிடிக்கிறார்கள் என்று
கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.
இடது பர்னர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.
அதைப் படிவத்தில்
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.