மூக்கு மேலே, மூக்கு கீழே

பூசி மெழுகிப் பேச எனக்கு வராது, நெல்சன்.
கதவடியில்தான் பூசி மெழுகியிருக்கிறேன்:
விரலால் தட்டிப் பாருங்கள்,
டங்கென்று கேட்டால் தகரம்,
கேட்காத இடமெல்லாம் பட்டிப் பூச்சு.
ஒவ்வொரு முறை தாண்டும்போதும்
ஜலசந்தி தன் பங்கு உப்பைச்
சேஸிஸில் அப்பிவிட்டுத்தான் அனுப்பும்.

தொண்ணூற்றாறில் வந்த வண்டி.
மீட்டர் காட்டுவது மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்;
அது நின்றுபோய் நாலு வருஷம்.
நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு
அவசரப்படுத்தாதீர்கள், பிடிக்காது.
ஹீட்டர் உங்கள் காலுக்கு ஊதாது,
பக்கத்தில் இருப்பவர் காலுக்கு ஊதும்.

இனி பெரிய சங்கதி.

இரண்டு குளிர்காலம் இது என்னை ஆட்டிவைத்தது.
சில காலைகளில் சாவியைத் தொட்டதும் எழும்.
சில காலைகளில்
இருமி, இருமி,
வெள்ளைப் புகை ஒரு முழம் விட்டுப்
படுத்துவிடும்.
க்ளோ பிளக் என்றார் யெர்கோ. நாலையும் மாற்றினேன்.
பேட்டரி என்றார். மாற்றினேன்.
ரிலே என்றார், டீசல் உறைகிறது என்றார்,
மண்ணெண்ணெய் கலக்கச் சொன்னார்,
கடைசியில் பம்ப் என்றார்.
அதன் விலையைச் சொல்லும்போது மட்டும்
குரலைத் தாழ்த்திக்கொண்டார்,
துட்டி சொல்ல வந்தவர்போல.

போர்வெனிர் வரும் படகில், ஒரு ஆகஸ்டில்,
முன்கதவு இறங்கிவிட்டது, பின்னால் ஹார்ன்கள்,
இது வாயைத் திறக்கவில்லை.
இரண்டு மாலுமிகளும் ஒரு பாதிரியாரும்
தள்ளிக் கரை சேர்த்தார்கள்.
பாதிரியார் என்ன முணுமுணுத்தார் என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவுதான் காலண்டரின் பின்பக்கம்
எழுதிப் பார்த்தேன்.
கம்பளிக் கொட்டகைச் சரிவில், மூக்கு கீழே: எழுந்தது.
என் வீட்டு வாசலில், மூக்கு மேலே: இல்லை.
படகில், பின்பாரத்தில் தளம் சாய்ந்து, மூக்கு மேலே: இல்லை.
மறுபடி கொட்டகை, கொட்டும் பனியில்: எழுந்தது.
குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.
இரண்டு வருஷமாக அது
நிற்கிற நிலையாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
நான் யெர்கோவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயை நடுவில் அறுத்து
ஆடுகளுக்குக் குடற்புழு மருந்து புகட்டுகிறோமே,
அந்தத் துப்பாக்கியின் பிளாஸ்டிக் குழாயில்
ஒரு சாண் வெட்டிச் செருகினேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தங்கை ஆன்டிக்காவைச் சாவி திருப்பச் சொன்னேன்.
தேன் நிறத்தில் டீசல்.
அதில் ஒரு குமிழி.
பின்னால் இன்னொன்று.
பிறகு வரிசையாக, அவசரமே இல்லாமல்,
திருப்பலி முடிந்து
வீடு திரும்புகிறவர்கள் மாதிரி.

டேங்கருகே, கிளிப்புக்கு அடியில், மயிரிழை வெடிப்பு.
ஒரு சொட்டு வெளியே வந்ததில்லை அந்த வழியே,
தரை காய்ந்தே கிடந்தது.
உள்ளே போயிருக்கிறது, காற்று.
இந்தத் தீவின் மரங்களை முதுகொடித்தது போதாமல்,
கார்க் கதவுகளைப் பிடுங்கியது போதாமல்,
ராத்திரி ராத்திரியாக
அங்கேயும் குடிபுகுந்திருக்கிறது.

புதுக் குழாய் ஒரு முழம்.
என்ன விலை என்று சொன்னால்
யெர்கோ கோபித்துக்கொள்வார்.
நட்டுகளைத் தளர்த்தி, கைப்பம்பைக்
கட்டைவிரல் மரத்துப்போகிறவரை அமுக்கி,
நுரை நின்று டீசல் மட்டும் துப்பியதும் இறுக்கினேன்.
முகத்தில் கொஞ்சம் துப்பியது. துடைத்துக்கொண்டேன்.

அந்தப் பிளாஸ்டிக் சாணை மட்டும்
எடுக்காமல் விட்டுவைத்திருக்கிறேன்.
டீசல் பட்டு இறுகி மஞ்சளிக்கும்,
வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்,
கால்நடை மருந்துக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.
மாதம் ஒரு தடவை குனிந்து பாருங்கள், போதும்.

நான் புதிதாக வாங்கியது நல்ல வண்டிதான்.
கோளாறு வந்தால் ஒரு மஞ்சள் விளக்குப் போடும்,
அதற்கு மேல் என்னோடு பேசாது.

சரி, கதவடிக்காக ஐம்பதாயிரம் பெசோ குறைக்கிறேன்.
ஏறி உட்காருங்கள்.
அந்தச் சுருள் விளக்கு அணையட்டும்.
பொறுங்கள்.
இப்போது திருப்புங்கள்.

கேட்கிறதா?
மூக்கு மேலேதான் நிற்கிறது, பாருங்கள்.