பற்று

அலுவலகக் கடிதத்தில் நாலே வரி.
வாகனம்: ஃபோர்டு பிக்கப், இரண்டாயிரத்து ஏழு.
உரிமையாளர்: கர்ட் ஹால்வர்சன்.
பிள்ளைப் பராமரிப்புப் பாக்கி: பதினோராயிரத்து நானூற்று அறுபது டாலர்.
பெற வேண்டியவர்: ஈஸ்டன் ஹால்வர்சன், வயது ஒன்பது.
விவாகரத்துக்குப் பிறகு
அப்பனையும் பிள்ளையையும் ஒரே தாளில்
இப்போதுதான் பார்க்கிறேன்,
நடுவில் ஒரு வண்டி எண்.

பறிமுதல் இல்லை, என்றாள் போனில் ரோவீனா.
வண்டி அவரிடமே இருக்கும். ஓட்டலாம்,
பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விடலாம்,
விற்க மட்டும் முடியாது.
கடன் தீரும்வரை அதன்மேல்
உங்கள் பையனுக்குப் பற்றுரிமை.

சிரிப்பு வந்தது எனக்கு.
வெள்ளிக்கிழமைகளில் பள்ளிப் பேருந்து
பௌலிங் கூடத்தைத் தாண்டும்போது
இடப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்காருவானாம்.
சாம்பல் வண்டியில் ஒரு கதவு மட்டும் நீலம்.
பழைய இரும்புக் கடையில் எடுத்து
கீலைக் கர்ட்டே பற்றவைத்தது.
இரும்போடு இரும்பை அவன் ஒட்டினால் விடாது.
அதில் குறை சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில், டகோட்டாக் குளிர் மைனஸ் இருபத்தாறில்,
அதே வண்டியில் வந்தான்.
எஞ்சினை அணைக்கவில்லை; அணைத்தால் மறுபடி உயிர் வராது.
கையுறை கழற்றாமல் நானூறு டாலர் எண்ணினான்,
தாள் ஒட்டிக்கொண்டதால் மறுபடி எண்ணினான்.
அலாஸ்காவில் குழாய் வேலையாம்.
வண்டிக்கு ஆறாயிரத்துக்கு ஆள் இருக்கிறதாம்.
பாதி உனக்கு, பாதி எனக்கு டிக்கெட்டும் கருவிகளும்.
இந்தப் பாழாய்ப்போன தாள் இல்லாவிட்டால்
போன மாதமே போயிருப்பேன்.
விடுவிப்பில் ஒரு கையெழுத்து, டானெல்.

மூவாயிரம்.
ஹீட்டர் எண்ணெய் மார்ச் வரை.
பல் மருத்துவருக்குக் கொஞ்சம்.
பூட்ஸ், இந்த முறை அவன் அளவிலேயே.
முதியோர் இல்லத்துச் சலவையறையில்
யார் யாருடைய விரிப்பையோ மடித்தபடி
நான் போடாத கூட்டலா?
கூடவே இன்னொன்றும் ஓடியது, சொல்ல வெட்கம்.
இத்தனை நாள் இவனை இந்த ஊரில் நிறுத்தியது
நானில்லை, பிள்ளையில்லை,
அரசாங்கத்து அச்சு மை.

உள்ளே வா என்று சொல்லவில்லை.
வாசலிலேயே நின்றோம், இரண்டு மூச்சும் வெள்ளையாய் முட்டிக்கொள்ள.
ஒருநாளாவது பள்ளி வாசலில் நீ, என்று தொடங்கினேன்.
முடிப்பதற்குள் ஈஸ்டன்
வெறும் சாக்ஸ் காலோடு எங்களுக்கிடையே புகுந்து ஓடி
வண்டியில் ஏறி
நீலக் கதவை இரண்டு கையால் இழுத்துச் சாத்திக்கொண்டான்.

ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை.
கண்ணாடியில் வாயால் ஊதி ஊதித்
தன் பெயரை எழுதினான்.
வெளியே நின்ற எங்களுக்கு
எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது.
கர்ட் தலையைச் சாய்த்து வாசிக்கப் பார்த்தான்.

பிறகு பேனா கேட்டான்.
என் கோட்டுப் பையில்தான் இருந்தது.
சமையலறையில் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன்.
இழுப்பறையைத் திறந்தேன், மூடினேன்,
திரும்பத் திறந்தேன்.

ஜன்னலுக்கு அப்பால் வண்டியின் ஹீட்டர்
அந்தப் பெயரைக் கீழிருந்து அழித்துக்கொண்டு வந்தது.
அழியாது, எனக்குத் தெரியும்.
விரலின் எண்ணெய் கண்ணாடியில் தங்கிவிடும்.
அடுத்த குளிரில் யார் அதனுள் உட்கார்ந்து மூச்சுவிட்டாலும்,
ஆறாயிரம் கொடுத்து வாங்கியவனே ஆனாலும்,
எழும்பி வரும்.