அரைச்சுண்டு

ஸ்காபரோவில் சீனக்கடையில் வாங்கினானாம்.
பார்சலுக்குள் பழுப்புத் தண்டுகள்,
உறையில் பெட்டி பெட்டியாய் எழுத்து.
"உடம்புச் சூட்டுக்கு நல்லதக்கா.
பேர், நெஞ்சைத் துளைக்கிற தாமரையாம்."
தம்பியின் குரல், பதினொரு விநாடி.
காணி உறுதியில் நான் கையெழுத்து வைக்காத பிறகு
இதுதான் முதல் கதைச்சது.

ஒரு துண்டை முறித்து நாக்கில் வைத்தேன்.
அட, நிலவேம்பு!
நேற்றும் கோப்பாயில் வெங்காயப் பாத்திக்குள்
கைநிறையப் பிடுங்கி
வேலிக்கு வெளியே எறிந்தது.

அவித்தேன்.
ஒரு சுண்டு தண்ணீர் அரைச்சுண்டாய் வற்றும்வரை
அடுப்படியிலேயே நின்றேன்.
மூக்கைப் பொத்திக் குடித்தேன்,
காய்ச்சல் ஒன்றும் இல்லாமலே.

"கசக்குதடா" என்று அனுப்பினேன்.

இரண்டு நீலக்கோடு.
ஏதோ எழுதுகிறான்,
நிறுத்துகிறான்,
எழுதுகிறான்.