மோட்டார் இயங்குகிறது

இரவு இரண்டு பத்து.
திருப்பூரில் பனியன் கம்பெனி, செக்கிங் மேசை.
கழுத்துப் பட்டி கோணிய உருப்படிகளை
ஒதுக்கிக்கொண்டிருக்கிறேன்.
மடியில் போன் துடிக்கிறது.
எடுத்தால் அந்தப் பெண்:
"மும்முனை மின்சாரம் வந்துள்ளது.
மோட்டாரை இயக்க எண் ஒன்றை அழுத்தவும்."

அழுத்துகிறேன்.
ஐம்பது கிலோமீட்டருக்கு அக்கட்டால,
குண்டடத்துக்குத் தெற்கே,
என் கிணற்று மேட்டில் ஒரு பெட்டி
டொக்கென்கிறதாம். நான் கேட்டதில்லை.
"மோட்டார் இயங்குகிறது" என்கிறாள்.
"சரிங்" என்கிறேன்.
ஒரு 'ங்க' போட்டுப் பேசத் தெரியாதவளுக்கு
எதுக்கு இத்தனை மரியாதை என்று
பக்கத்து மேசைத் துளசிமணி சிரிப்பாள்.

சிரிக்கட்டும்.
பெட்டி வருவதற்கு முந்தின கார்த்திகையில்
இதே நேரத்துக்குக் கரண்டு வந்ததென்று
டார்ச்சில்லாமல் இட்டேரியில் இறங்கினவரை
கண்ணாடி விரியன் கடித்தது.
தாராபுரம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.
இன்றைக்கும் அவர் இடது கெண்டைக்காலில்
ஒரு கைப்பிடிச் சதை இல்லை.
இன்னொரு காலை
ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய்க்குக் காப்பாற்றிக்கொண்டோம்.
பெட்டியை யார் பழித்தாலும்
நான் கூடச் சேர்ந்து பழிக்க மாட்டேன்.

பங்குனியில் ஏற்றுமதி அவசரம்.
இரண்டு ஞாயிறும் ஷிப்டு.
தோட்டத்துக்குப் போகவில்லை.
போகாவிட்டால் என்ன,
மூன்று நாளைக்கு ஒருக்கா
அவள்தான் சொல்கிறாளே.

மூன்றாம் ஞாயிறு போனால்
இரண்டு ஏக்கர் சின்ன வெங்காயம்
தலை சாய்ந்து, தாள் காகிதமாகி,
பாத்தியில் விரல் நுழையும் வெடிப்பு.
கிணற்றடியில் குழாய் மூட்டு
கழன்று கிடந்தது.
இறைத்த தண்ணீரெல்லாம்
சென்னியப்பன் வேலிக்குப் போயிருக்கிறது.
அந்த வெயிலிலும் கிளுவை தளிர்த்து
அப்படியொரு பச்சை.
சேற்றில் நின்ற இரண்டு மயில்கள்
யாரோ விருந்தாளி என்பதுபோல்
என்னைப் பார்த்தன.

மோட்டார் இயங்கியது நிஜம்.
அவள் பொய் சொல்லவில்லை.
'இயங்குகிறது' என்று அவள் சொன்னதை
'பாய்கிறது' என்று கேட்டுக்கொண்டது
நான்.

வேலிக்கு அந்தப் பக்கம்
எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார்.
"ஏனுங்ணா, பாத்துட்டுத்தான இருந்தீங்க,
ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா?"
தட்டைக் கீழே வைத்தார்.
"பாத்தனுங் அம்மிணி. மொத நாளே பாத்தேன்.
உங்க மோட்டாருதான் உங்ககூடப் பேசுதே,
அதே சொல்லியிருக்கும்னு
விட்டுட்டனுங்க."

குத்தலா, வெள்ளந்தியா, முகத்தில் தெரியவில்லை.
அவர் நம்பர் என் போனில் இல்லை.
ராத்திரி மடை மாற்ற வந்த காலத்தில்
வேலிக்கு மேலாக ஒரு பீடி வெளிச்சம் தெரியும்.
இரண்டு பேருமாகக் கரண்டைத் திட்டுவோம்.
அதற்கு நம்பர் தேவைப்பட்டதில்லை.

"பெட்டியைக் கழட்டிப் போட்டர்லாமா?"
என்றார் வீட்டுக்காரர்.
அவர் காலைப் பார்த்தேன்.
அதற்குமேல் அவரும் பேசவில்லை.
மூட்டுக்குப் புதுக் கிளாம்பு.
பெட்டி சிம்முக்கு ரீசார்ஜ்.
வெங்காயத்தில் மிஞ்சியது எட்டு மூட்டை.
அதில் ஒரு வள்ளம் சென்னியப்பன் வீட்டுக்கு,
அவர் வேண்டாங்க வேண்டாங்க என்னும்போதே.

இன்றைக்கு இரண்டு நாற்பது.
போன் துடிக்கிறது. ஒன்றை அழுத்துகிறேன்.
"மோட்டார் இயங்குகிறது."
"சரிங். தண்ணி எங்கீங்க போகுது?"
லைன் கட்டாகிவிட்டது.

ஆறு மணிக்குச் சென்னியப்பன் எழுந்திருப்பார்.
அவரிடமும் போனில்தான் கேட்க வேண்டும்.
தண்ணீருக்கு வருவதற்குள்
எருமை ஈன்ற கதையை
முழுசும் சொல்லி முடிப்பார்.