கணக்கில் வராத துண்டு

சட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது.
முழங்காலில் கரிசல் ஒட்டியிருந்தால்
கயத்தாற்றுப் பக்கம் போய் வந்திருக்கிறான்.
மடிப்பில் தேரிமணல் உதிர்ந்தால்
திருச்செந்தூர்ச் சாலையில் காவல் இருந்தவன்.
கக்கத்தில் உப்புப் பூத்திருந்தால்
தூத்துக்குடியில் கப்பல் இறங்கியவன்,
நேற்றோ முந்தாநாளோ.
நம் தண்ணீர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அவனுக்கு.
அதைக் கால்சட்டை சொல்லும்.

துரைக்கு வாரம் ஆறு, சிப்பாய்க்கு இரண்டு.
வகுத்துப் பார்க்கக் கூழாங்கல் போதும் எனக்கு.
பாளையங்கோட்டைப் பட்டாளத்து அழுக்கை
துபாஷி கேசவராயன் எண்ணிப் போடுவான்.
எண்ணத் தெரியாதவள் மாதிரி வாங்குவேன்.

வண்ணார்பேட்டையில் வெள்ளாவி வேகும் ராத்திரி
சேங்கொட்டையைக் குத்தி மை எடுத்து
பழந்துண்டின் ஓரத்தில் குறி வைப்பேன்.
புள்ளி என்றால் நூறு தலை.
கோடு என்றால் பீரங்கி.
கொக்கி போட்டால் வியாழனுக்குள் புறப்பாடு.
பார்க்கிறவனுக்கு அது வண்ணான் குறி,
மேலத்தெரு வீட்டுச் சேலையில் இருக்கிற மாதிரி.

துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு
சீவலப்பேரி வழியாக வடக்கே போவான் உப்புக்காரன்.
தளவாய் என்று கூப்பிடுவார்கள்.
படை ஒன்றும் இல்லாத தளவாய்.
சொந்தப் பேர்தானா, கேட்டதில்லை.
அவனும் நானும் பேசியது மொத்தம் இவ்வளவு:
"உப்பில மண்ணு கிடக்கே."
"கழுவினாப் போயிரும்."

பங்குனியில் போன சட்டைகள்
முழுசாகத் திரும்பவில்லை.
திரும்பியவற்றில் ரத்தம் எடுக்க
உவர்மண் பத்தாமல் ஆட்டுப் பிழுக்கை கலந்தேன்.
நெஞ்சுக்குள் ஒரு குலவை. வாய் திறக்கவில்லை.
கடைசி மூட்டையில் ஒரு சின்னச் சட்டை இருந்தது,
கொட்டு அடிக்கிற பையனுடையது,
என் மகன் போட்டால் சரியாக இருக்கும்.
அதற்கு எந்தக் கூழாங்கல்லை எடுத்து வைப்பது?
வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து.

சித்திரையில் ஒரு செவ்வாய்,
அழுக்கோடு அழுக்காக அந்தத் துண்டு வந்தது.
நாலு புள்ளி, ஒரு கோடு, கொக்கி.
என் கை வைத்த குறி.
துப்பாக்கி துடைத்த எண்ணெய்,
நடுவில் ஓர் ஓட்டை,
ஓட்டையைச் சுற்றிக் காய்ந்த பழுப்பு.

கரையில் குடைக்குக் கீழே கேசவராயன்.
அவன் துணியைப் பார்க்கவில்லை.
பதினேழு கல், பதினேழு பெண்கள்.
எந்தக் கை நிற்கிறது என்று பார்த்தான்.

ஓங்கினேன், அடித்தேன்.
ஓங்கினேன்,
பக்கத்துக் கல்லில் பிரமாச்சி அடித்த அடிக்கு
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
மூச்சு மட்டும் சீவலப்பேரி வரைக்கும் போய் வந்தது.

சாயங்காலம் எண்ணிக் கொடுத்தேன்.
ஏட்டில் இருநூற்றுப் பத்து.
மூட்டையில் ஒன்று கூட.
"இது யார் வீட்டுக் குறி?"
கழுவினால் போகிற சாதி இல்லை சேங்கொட்டை,
வெள்ளாவியில் வெந்து இன்னும் கறுத்திருந்தது.
"அத்துப்போன வீடு சாமி" என்றேன்.
"ஆளு இல்ல. துணிதான் சுத்திக்கிட்டுக் கிடக்கு."
எனக்கும் உச்சிமாகாளிக்கும் ஆறு மாதமாய்ப் பேச்சில்லை,
ஒரு கழுதைத் தகராறு.
அவள்தான் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:
"அம்மையில போன குடும்பம்."

கைகளை நீட்டச் சொன்னான்.
நீட்டினோம்.
சேங்கொட்டைப் புண் பதினேழு பேர் கையிலும் இருந்தது.
கூலியில் அரைப்பணம் பிடித்துக்கொண்டு போனான்.

தளவாய் பிடிபட்டது போகும்போதா, வரும்போதா?
போகும்போது என்றால்
நாலு புள்ளியும் அவனோடு செத்தது.
வரும்போது என்றால்
கோட்டையில் யாரோ விளக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
மடித்துத் திருப்பித் தந்திருப்பார்கள்.
ஓரத்து மண்ணை விரலில் தேய்த்திருந்தால் தெரிந்திருக்கும்,
ஆற்று வண்டலா, ஓட்டப்பிடாரத்துக்கு அந்தப்பக்கத்து மண்ணா என்று.

பளிச்சென்று வெளுத்துவிட்டேன்.